ஏசி போட்டால் கருகல் வாடை, கண்டியில் இருந்து மேலே ஏறும்போது மட்டும் (2007 விட்ஸ்)

நானுஓயா விட்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2007 விட்ஸ், ஆயிரம் சீசீ. ஏசி கையால் திருப்புகிற குமிழ் வகை, காற்றுக்கு நான்கு வேகம். எங்கள் ஊர்க் குளிரில் ஏசி தேவைப்படுவது குறைவு. மழையில் முன் கண்ணாடியில் ஆவி படிந்தால் போடுவேன். கண்டிப் பக்கம் இறங்கினால் கம்பளை வந்ததும் போட்டாக வேண்டும், அந்தப் புழுக்கத்தில் அம்மாவால் உட்கார முடியாது.

பிரச்சினை திரும்பி வரும்போதுதான். புசல்லாவை தாண்டி இறம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கினால் ஏசி வாயில் இருந்து கருகல் வாடை வருகிறது. புகை இல்லை. டேஷ்போர்டில் எந்த லைட்டும் எரியவில்லை. ஏசியையும் காற்றையும் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

ஒரு கராஜில் காட்டினேன். காஸ் குறைவு என்று சொல்லி காஸ் அடித்தார்கள். குளிர் கூடியது, வாடை அப்படியே இருக்கிறது. இப்போது கொம்ப்ரசர் (ஏசி காஸை அழுத்துகிற பம்ப்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து ரீகண்டிஷன் ஒன்று எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அவ்வளவு காசைக் கொட்டுவதற்கு முன் உங்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன். அம்மாவை மாதா மாதம் கண்டி ஆஸ்பத்திரிக்கு கிளினிக் கூட்டிப்போகிற வண்டி இது. நடுவழியில் ஏதாவது பற்றிக்கொண்டால் அவரை இறக்கக்கூட நேரம் இருக்காதே என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது.

எல்ல வேன்

தம்பி, முதலில் பிரேக்கைச் சந்தேகியுங்கள். நான் சுற்றுலாப் பயணிகளை வேனில் ஏற்றுகிறவன். எல்லவில் இருந்து வெல்லவாய இறக்கத்தில், இராவணா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில், கருகல் வாடையோடு ஓரங்கட்டி நிற்கிற கார்களை அடிக்கடி பார்க்கிறேன். கேட்டால் ஏசி கருகுகிறது என்பார்கள். சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும். வைப்பருக்குக் கீழே இருக்கிற ஜாலி வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே வருகிறது. பிரேக் காய்ந்தாலும், கிளச் காய்ந்தாலும், முன்னால் போகிற லொறியின் பிரேக் காய்ந்தாலும் வாடை ஏசி வாயில்தான் வந்து நிற்கும். இறக்கத்தில் கியரை 'D'யிலேயே வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவீர்களா?

நானுஓயா விட்ஸ்

இல்லை அண்ணே. இறங்கும்போது கியரைக் குறைத்துத்தான் வருவேன், அப்போது வாடையே இல்லை. ஏறும்போது மட்டும்தான்.

எல்ல வேன்

அப்படியென்றால் உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. ஆனாலும் இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஓட்டோ கியர் என்றால் எஸ், பி, எல், 2 என்று எது இருக்கிறதோ அதைப் போட்டு எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள். பிரேக் ஒயில் பழசாக இருந்தால் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். டொட் 3 (DOT 3) வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம், ஈரம் சேர்ந்தால் அது 140க்கு இறங்கிவிடலாம். டொட் 4க்கு 230, ஈரத்தோடு 155. அது கொதித்துவிட்டால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. வாடையோடு பெடலும் மெத்தென்று இருந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.

கம்பளை ஏசி

ஏசி வேலைதான் என் தொழில். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காஸ் குறைந்தால் குளிர் குறையும், கருகாது. கருகல் வாடைக்கு காஸ் அடித்தது நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்கிற கதை. அளவுக்கு மேல் அடித்திருந்தால் பிரஷர் கூடி கொம்ப்ரசர் இறுகும், பெல்ட்டும் கொம்ப்ரசரின் முன்னால் இருக்கிற காந்தக் கிளச்சும் வழுக்கும். அதனால் எத்தனை கிராம் அடித்தார்கள் என்று கேளுங்கள். போனட்டுக்கு உள்ளே ஸ்டிக்கரில் ஆர்134ஏ இவ்வளவு கிராம் என்று போட்டிருக்கும், ஒத்துப்பாருங்கள்.

கொம்ப்ரசரை இப்போது மாற்ற வேண்டாம். அதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். காசு செலவில்லாதவை.

ஏசி சுவிட்சை அணைத்துவிட்டு வெறும் காற்றை மட்டும் இரண்டாம் வேகத்தில் வைத்து ஓட்டுங்கள். அப்போதும் வாடை வந்தால் கொம்ப்ரசர் மேல் சந்தேகம் பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் அந்த நேரம் கொம்ப்ரசர் சுற்றுவதே இல்லை, அதன் புளி (பெல்ட் ஓடுகிற சக்கரம்) மட்டும் சும்மா சுற்றும். அடுத்தது, வெளிக்காற்றை மூடி உள்காற்று சுழலும்படி வையுங்கள். வாடை குறைந்தால் அது போனட்டுக்கு உள்ளே இருந்து வருகிறது. குறையாமல் இன்னும் கூடினால் டேஷ்போர்டுக்கு உள்ளேயே ஏதோ காய்கிறது. மூன்றாவது, அது என்ன வாடை என்று மூக்கை நம்பிச் சொல்லுங்கள். டயர் எரிந்த மாதிரி என்றால் பெல்ட். பிளாஸ்டிக், வயர் உருகுகிற மாதிரி என்றால் மின்சாரப் பக்கம். தீய்ந்த எண்ணெய் என்றால் டெப்பட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) கேஸ்கட்டில் ஒயில் கசிந்து சைலன்சர் குழாய் மேல் விழுகிறது, அது ஏற்றம் ஏறி நிறுத்தியதும்தான் அதிகம் தெரியும். இனிப்பாக இருந்து கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கிற சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரில் கூலன்ட் ஒழுகுகிறது.

பூண்டுலோயா அல்டோ

என் வண்டிக்கு வந்தது ரப்பர் வாடை. மழை நாளில் தலவாக்கலைப் பக்கம் ஏறும்போது ஏசி போட்டால் கீச்சென்று ஒரு சத்தம், பின்னாலேயே வாடை. கொம்ப்ரசர் புளியின் பெயரிங் போயிருந்தது. கழற்றிக் காட்டினார்கள்: பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, கிளச் தட்டில் நீலம் பாரித்திருந்தது. இரும்பு அந்த நிறத்துக்கு வர எவ்வளவு சூடு பட்டிருக்க வேண்டும்!

எஞ்சினை நிறுத்தி, ஆறியதும், கொம்ப்ரசரின் முன் தட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு சுற்றினால் நல்லது. அசையவே மாட்டேன் என்றால் கொம்ப்ரசர் பிடித்துக்கொண்டது. தட்டு நன்றாகச் சுற்றி, புளியை அசைத்தால் ஆட்டம் இருந்தாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ பெயரிங் மட்டும்தான், முழுக் கொம்ப்ரசரும் தேவையில்லை. எனக்கு பெயரிங்கும் பெல்ட்டும் மாற்றியதோடு முடிந்தது.

கம்பளை ஏசி

சரியாகச் சொன்னார். பெயரிங் மாற்றும்போது தட்டுக்கும் புளிக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள், அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். தேய்ந்து அது கூடிப்போனால் காந்தம் தட்டை முழுதாக இழுக்காது, வழுக்கிக் காயும். உள்ளே இருக்கிற ஷிம் வளையம் ஒன்றை எடுத்தாலே சரியாகிற வேலை அது. இதைச் சொல்லாமல் முழுக் கொம்ப்ரசரை விற்கிறார்கள்.

நானுஓயா விட்ஸ்

பார்த்துவிட்டேன். ஏசி சுவிட்சை அணைத்து வெறும் காற்றை இரண்டிலும் மூன்றிலும் வைத்தேன், அப்போதும் வாடை வருகிறது! உள்காற்றுக்கு மாற்றினால் கூடுகிறது. பிளாஸ்டிக் வாடை, பழைய ரேடியோ சூடானால் வருமே அது. முன் தட்டு கையால் சுற்றுகிறது. இன்னொன்றும் கவனித்தேன். நான்காம் வேகத்தில் வைத்தால் வாடை குறைவு. கண்டியில் வெக்கைக்கு நான்கில் வைத்திருப்பேன், மேலே ஏற ஏறக் குளிரும் என்பதால் இரண்டுக்குக் குறைப்பேன். அதனால்தான் ஏற்றத்தில் மட்டும் வருகிறதோ?

ஹட்டன் வயரிங்

அதேதான். ஏற்றத்துக்கும் வாடைக்கும் நேரடித் தொடர்பு இல்லை, நீங்கள் குமிழைக் குறைக்கிற இடம் அது. ஒட்டோ எலக்ட்ரிக் வேலை செய்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வகை ஏசியில் காற்று வேகத்தைக் குறைக்க ரெசிஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. கம்பிச் சுருள்தான். நான்காம் வேகத்தில் மின்சாரம் அதைத் தொடாமல் நேராக ப்ளோவர் (காற்றை ஊதுகிற விசிறி) மோட்டருக்குப் போகும். ஒன்று, இரண்டு, மூன்றில் சுருள் வழியாகப் போகும், மிச்ச மின்சாரம் அங்கே சூடாகக் கழியும். அது சூடாவது குற்றமில்லை, சூடாகவே செய்யப்பட்டது. அதனால்தான் ப்ளோவர் காற்று அடிக்கிற வழியிலேயே அதைச் செருகியிருக்கிறார்கள், அந்தக் காற்றே அதை ஆற்ற வேண்டும். உள்ளே வரும் காற்றை வடிக்கிற கேபின் பில்டர் அடைத்துக் காற்று குறைந்தால் அது ஆறாது. மேலே ஒட்டியிருக்கிற தூசும் இலையும் தீயும்.

இரண்டாவது இடம் அதன் சொக்கட். மோட்டர் பழசாகி, அதன் தண்டைத் தாங்குகிற புஷ் காய்ந்தால் சுற்றுவதற்குக் கூடுதல் அம்பியர் இழுக்கும். சொக்கட்டுக்குள் இருக்கிற உலோகப் பின் தளர்ந்தோ கறுத்தோ இருந்தால் அங்கே தடை உண்டாகும். 0.1 ஓம் தான் என்று வையுங்கள். 20 அம்பியர் போனால் அந்த ஒரு பின்னில் 40 வாட் (watt) சூடு பிறக்கிறது. நாங்கள் ஈயம் பற்றவைக்கிற சோல்டரிங் அயனே அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் சொக்கட்டுக்குள் செருகி வைத்தது போல ஆகிவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் ப்ளோவரை ஓடவிட்டு, சொக்கட்டின் வயர்ப் பக்கம் ஒரு முனை, அதே பின்னின் மறுபக்கம் ஒரு முனை வைத்துப் பாருங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூச்சியம் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அதுதான் காய்கிற இடம். உங்கள் வண்டியில் இடது பக்க சீட்டுக்கு முன்னால், கிளவ் பொக்ஸுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தால் ப்ளோவர் தெரியும். சாவியை எடுத்துவிட்டு, ஆறியதும் கை வையுங்கள்.

வெலிமடைப் பையன்

பியூஸ் அடிக்கடி போனால் ஒரு அளவு கூட்டிப் போட்டால் போதுமே? என் நண்பன் அப்படித்தான் ஓட்டுகிறான். ரெசிஸ்டருக்கும் ஒரு வயர்த் துண்டு வைத்து நேராகக் கொடுத்துவிட்டான்.

ஹட்டன் வயரிங்

தம்பி, உங்கள் நண்பரைத் தயவுசெய்து இன்றைக்கே அதைக் கழற்றச் சொல்லுங்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரை. வயர் தாங்குகிற அளவுக்குத்தான் பியூஸ் போட்டிருக்கிறார்கள். 20 இருந்த இடத்தில் 30 போட்டால் அடுத்து உருகப் போவது டேஷ்போர்டுக்குள் ஓடுகிற வயர், அதைச் சுற்றி இருப்பதெல்லாம் பஞ்சும் பிளாஸ்டிக்கும். ரெசிஸ்டரில் சூடு மிஞ்சினால் அறுந்துபோகிற ஒரு சிறு காப்பும் இருக்கிறது. அது அறுந்தால் நான்காம் வேகம் மட்டும் ஓடும். அப்படி ஆனால் வண்டி சொல்கிறது காற்று போகவில்லை அல்லது மோட்டர் இறுகிவிட்டது என்று. அதன் மேல் வயர் வைத்தால் கடைசிக் காவலையும் எடுத்துவிடுகிறீர்கள்.

வெலிமடைப் பையன்

சரி அண்ணே, சொல்லிவிடுகிறேன்.

அப்புத்தளை டீச்சர்

பில்டரைக் கழற்றும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் காரை ஸ்கூல் லீவு முழுவதும் குவார்ட்டர்ஸ் பின்னால் நிறுத்தி வைத்திருந்தோம். லீவு முடிந்து ஹீட்டரைப் போட்டதும் மயிர் கருகுகிற மாதிரி வாடை. கழற்றினால் பில்டர் மேலே எலிக்கூடு. காய்ந்த புல், சவுக்கு இலை, சீட்டில் இருந்து பிய்த்த பஞ்சு, எல்லாம் வைத்து அழகாகக் கட்டியிருந்தது. இங்கே எலிக்காய்ச்சலும் உண்டு என்பதால் வெறுங்கையால் தொடவோ, உலர்ந்த தூசை ஊதித் தட்டவோ வேண்டாம். கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகு எடுங்கள். வைப்பர் ஜாலிக்குக் கீழே மெல்லிய கம்பிவலை வெட்டி வைத்தோம், அதன் பிறகு வரவில்லை. தேயிலை மலைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நானுஓயா விட்ஸ்

கிளவ் பொக்ஸைக் கழற்றினேன். எலி இல்லை டீச்சர், ஆனால் பில்டர் என்ன நிறமாக இருந்தது என்றே தெரியவில்லை. மடிப்புகளுக்கு உள்ளே சவுக்கு இலை தூளாகி, மழைத்தண்ணீர் பட்டுப் பாசி மாதிரி இறுகிக் கிடந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

பிறகு ரெசிஸ்டரின் சொக்கட். இழுத்தால் வரவில்லை, ஆட்டி ஆட்டித்தான் எடுத்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக். நான்கு பின்னில் மூன்று புதிது போல இருக்கின்றன. ஓரத்தில் இருக்கிற நான்காவதைச் சுற்றி மட்டும் தேத்தண்ணி நிறத்தில் பழுத்து, அந்த மூலை உருகி மடங்கியிருக்கிறது. பின் கறுத்துவிட்டது. வயரின் தோலை விரலால் வளைத்தால் மொறுமொறுவென்று உடைகிறது. மூக்கருகில் கொண்டுபோனதும் அதே வாடை.

இதற்குத்தான் கொம்ப்ரசர் மாற்றச் சொன்னார்கள். அம்மாவின் காலுக்கு நேராக அல்லவா இருந்திருக்கிறது இது, அவர் எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார்.

கம்பளை ஏசி

கண்டுபிடித்துவிட்டீர்கள், சந்தோஷம். ஆனால் ரெசிஸ்டரையும் சொக்கட்டையும் மட்டும் மாற்றி விட்டால் அடுத்த வருடம் திரும்ப இங்கே வருவீர்கள். அந்தப் பின் எதனால் சூடேறியது என்று பாருங்கள். மோட்டரைக் கழற்றி விசிறியை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். சில சுற்றுச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். தட்டியதும் நின்றுவிட்டால் புஷ் காய்ந்தது.

ஹட்டன் வயரிங்

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறையப் பேர் மாற்றிச் சொல்கிறார்கள். பில்டர் அடைத்ததால் மோட்டர் அதிகமாக இழுத்தது என்பார்கள். இந்த வகை உருளை விசிறியில் காற்று வரும் வழி அடைத்தால் தள்ளுவதற்குக் காற்று இல்லை, சுமை குறைகிறது, அம்பியரும் குறைகிறது. அடைத்த பில்டர் கெடுப்பது ரெசிஸ்டர் ஆறுவதை. அம்பியரைக் கூட்டுவது காய்ந்த புஷ்ஷும் மோட்டருக்குள் தேய்ந்த காபன் பிரஷ்ஷும். உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். புதுப் பில்டரைப் போட்டு முழு வேகத்தில் அம்பியரை அளந்து பாருங்கள். சிறிய கார் ப்ளோவர் என்றால் 10க்கும் 20க்கும் நடுவில் இருக்கும், உங்கள் பியூஸ் அளவை நெருங்கினால் அந்த மோட்டரை மாற்றிவிடுங்கள். வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கிற கிளாம்ப் மீட்டர், டீசி (பட்டரிக் கரண்ட்) அளக்கிற வகையா என்று பார்த்து வாங்குங்கள், மலிவான பல மீட்டர்கள் வீட்டுக் கரண்டை மட்டும்தான் அளக்கும்.

சொக்கட்டில் கறுத்த பின்னை மட்டும் மாற்ற வேண்டாம். மொறுமொறுப்பான வயரை நல்ல செம்பு தெரிகிற இடம் வரைக்கும் வெட்டிவிட்டு, வயரோடு வருகிற சொக்கட்டை வாங்கி, அழுத்தி இணைத்து, சூட்டில் சுருங்குகிற உறை போடுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டுவது இந்த இடத்துக்குப் போதாது, இரண்டாம் நாளே பசை வழிந்து டேப் நழுவும்.

எல்ல வேன்

வேலை முடிகிற வரைக்கும் அந்த வண்டியில் ப்ளோவரைப் போடாதீர்கள் தம்பி. மழையில் கண்ணாடியில் ஆவி படிந்தால் இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஒரு விரல் அளவுக்கு இறக்கிக்கொண்டு ஓட்டுங்கள். அது போதாத அளவுக்கு மூடுபனி என்றால் அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

புகையே வந்துவிட்டால்: ஏசி, காற்று இரண்டையும் அணைத்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டி, சாவியை எடுத்து, ஆட்களை மலைப் பக்கமாக இறக்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். போனட்டில் இருந்து புகை என்றால் முழுதாகத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டதும் குபீரென்று பிடிக்கும். கொக்கியை மட்டும் விடுவித்து அந்த இடுக்கு வழியாகத் தூள் வகைத் தீயணைப்பு சிலிண்டரை அடியுங்கள். புகை அடங்கிய பிறகுதான் பட்டரியின் கறுப்பு வயரைக் கழற்ற வேண்டும். ஒரு கிலோ சிலிண்டர் ஒன்று சீட்டுக்கு அடியில் இருப்பது எல்லா வண்டிக்கும் நல்லது.

நானுஓயா விட்ஸ்

வேலை முடிந்தது. விசிறியைத் தட்டியதும் அப்படியே நின்றது, புஷ் காய்ந்தேதான் இருந்தது. மோட்டர், ரெசிஸ்டர், வயரோடு சொக்கட், பில்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஹட்டன் அண்ணன் சொன்ன மாதிரியே இணைத்தோம். கொம்ப்ரசருக்குக் கேட்டதில் சிறு பங்குகூட ஆகவில்லை. நேற்று கண்டிக்குப் போய்வந்தோம். இறம்பொடையில் குமிழை ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி வைத்தேன், வாடை இல்லை. காற்றும் முன்பைவிட நன்றாக அடிக்கிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பதுளை அக்வா

இழையை முழுவதும் படித்தேன். என்னுடையது அக்வா ஹைபிரிட், அதிலும் லேசாகக் கருகல் வாடை. இதே ரெசிஸ்டர்தானா? 2020 மார்ச்சுக்குப் பிறகு ஐந்து வருடம் போல கார் இறக்குமதி நின்று கிடந்ததில் எங்கள் வண்டிகள் எல்லாம் பழசாகிவிட்டன, மாற்றவும் வழியில்லை, பார்த்துப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

கம்பளை ஏசி

ஏசி தானியங்கி வகை என்றால் அந்தச் சுருள் ரெசிஸ்டர் இருக்காது, வேகத்தை மின்னணுப் பகுதி பார்த்துக்கொள்ளும். ஆனால் பில்டரும் சொக்கட்டும் அதே கதைதான், அங்கிருந்து தொடங்குங்கள். அதோடு ஹைபிரிட் பட்டரியை ஆற்றுகிற காற்று வழி பின் சீட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே சாமான் வைத்து மூடியிருக்கிறதா, தூசு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கொம்ப்ரசருக்கு பெல்ட் கிடையாது, பட்டரி மின்சாரத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற வயர் எதையும் நீங்களும் தொடாதீர்கள், தெரியாத ஆளையும் தொட விடாதீர்கள், உயிருக்கு ஆபத்தான வோல்ட் அது. காஸ் அடிக்கப் போனால் என்ன ஒயில் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்கு என்டி-11 என்கிற எஸ்டர் ஒயில்தான். சாதாரண பெல்ட் கொம்ப்ரசருக்குப் போடுகிற பாக் ஒயில் கலந்தால் மின்காப்பு கெட்டு, எச்சரிக்கை லைட் எரிந்து வண்டியே நின்றுவிடலாம். முந்தின வண்டிக்கு அந்த ஒயில் அடித்த குழாயை அப்படியே உங்கள் வண்டியில் மாட்டினாலும் கலக்கும், அதனால் ஹைபிரிட்டுக்கு என்று தனிக் குழாய் வைத்திருக்கிற இடத்துக்குப் போங்கள்.

பதுளை அக்வா

பின் சீட்டுப் பக்கம் பார்த்தேன், காற்று வழிக்கு முன்னால் அரிசி மூட்டை நிற்கிறது. எடுத்துவிட்டு, நாளைக்கு பில்டரையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.